கொத்தவரை மாவும் ராவுத்தர் வீட்டுக் கல்யாணமும்

படித்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. படித்தது எதற்காவது பயன்பட்டே தீரவேண்டும் என்று நினைப்பார்கள். எனக்கு அந்த வியாதி இருபத்திரண்டு வயதில் முற்றியது. அதன் விளைவாக, கடுங்கோடையில், ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், இரண்டு தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே கிணற்றை நான் கெடுத்தேன். விஷம் எதுவும் கலக்கவில்லை, யார் மேலும் எனக்குக் கோபமும் இல்லை. பௌதிகத்தால் கெடுத்தேன். (அதில் முதல் வகுப்பு வேறு.)

பிறந்தது திருக்கோகர்ணம். திருச்சியில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. முடித்தேன். ரிசல்ட் வந்த இரண்டாம் மாதம் இலுப்பூரில் வாழ்க்கைப்பட்டேன். மாமனாருக்கு நிலமும், ஆயில் இன்ஜின் வைத்த கிணறும் இருந்தன. இவர் (கணவர்தான், பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை) பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எல்லோரும் நல்லவர்கள். என்னை அடுப்படியில் கசக்கிப் பிழியவில்லை. அதற்கு நேர்மாறாக, 'பி.எஸ்ஸி. மருமக' என்று ஊரெல்லாம் சொல்லி என்னை ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். தந்தி வந்தால் படித்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். மருந்து சீசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டு ரேடியோ பாடவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். அதன் பிறகு அது இரைச்சல்கூடப் போடவில்லை.

அந்த அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. மாசி முடிவதற்குள் தெருக்கிணறுகள் காய்ந்துவிட்டன. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் இருந்தது. இறைத்தால் மறுநாள் காலைக்குள் மறுபடி ஊறிவிடும். இரண்டு தெருப் பெண்கள் குடத்தோடு அங்கேதான் வந்தார்கள்.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தெருவில் அகமது ராவுத்தர் வீடு. அவர் மனைவி மைமூன் அக்கா. அவர்கள் மூத்த பெண் ஜுலைகாவுக்குச் சித்திரையில் நிக்காஹ் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு மணமேல்குடி. இருபது வண்டி ஜனம் வரும் என்றார்கள். அத்தனை பேருக்குச் சமைக்க, குடிக்க, கைகால் கழுவத் தண்ணீர் எங்கே? ராவுத்தர் தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று யோசித்தபோது, மாமா போய், தண்ணீர் எங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். மாமா அதிகம் பேசாதவர். அதனால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை ஊரில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

கிணற்றை ஒட்டி உயரமாக ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. இன்ஜின் கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போகும். மாமா நாலைந்து பேரிடம் இரும்புக் குழாய்களை இரவல் வாங்கி, தொட்டியின் அடியிலிருந்து ராவுத்தர் வீட்டுக் கொல்லை வரைக்கும் நீட்டினார். அறுநூறு அடியாவது இருக்கும். மறுமுனையில் தண்ணீர் வந்தது. ஆனால் வயசானவர் நடக்கிற மாதிரி வந்தது. அந்த வேகத்தில் கல்யாண வீட்டு அண்டாக்களை நிரப்பினால், மணமேல்குடிக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் நிரம்பும். மாமா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய குழாய் வாங்கத் திருச்சிக்குத்தான் போகவேண்டும்; நாளும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வியாதி கண்டது.

கல்லூரிக் கடைசி வருஷத்தில், நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். குழாயில் வேகமாக ஓடும் தண்ணீர் நேராக ஓடுவதில்லை. உள்ளுக்குள்ளே சுழித்து, புரண்டு, தன்னையே முட்டிக்கொண்டு ஓடுகிறது. தள்ளுகிற பலத்தில் பெரும்பகுதி அந்தச் சுழிப்புக்கே செலவாகிவிடுகிறது. சில பசைப் பொருட்களில் நூல்போல நீண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. அதில் துளியளவு தண்ணீரில் கரைந்திருந்தால் சுழிப்பு அடங்கிவிடும். அதே குழாயில், அதே பலத்தில், கூடுதல் தண்ணீர் ஓடும். பசை சேர்த்தால் தண்ணீர் மெதுவாகத்தானே போகவேண்டும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனாலேயே அந்தக் கட்டுரை மனசில் ஒட்டிக்கொண்டது. அந்நிய தேசத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இதற்காக ஒரு அவரை விதையின் பசையை நம் நாட்டிலிருந்து வாங்குகிறார்களாம். அது என்ன அவரை என்று அகராதியைப் புரட்டினேன். நம்ம கொத்தவரை.

அத்தையிடம் விதைக் கொத்தவரை இரண்டு மரக்கால் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். இவர் பொறுமையாகக் கேட்டார். வாத்தியார் அல்லவா, தப்பான விடையையும் முழுசாகக் கேட்டுப் பழக்கம். பக்கத்து இலையில் மாமா இருந்தார். கைகழுவ எழுந்தவர் நின்று, "கொத்தவரையா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. அதோட பருப்புல இருக்கற பசை."

"வெண்டைக்கா மாதிரி கொழகொழன்னு இருக்குமே."

"அந்தக் கொழகொழப்புத்தான் மாமா வேணும். ஆனா ரொம்பக் கொஞ்சம். லட்சம் பங்கு தண்ணிக்குப் பத்துப் பங்கு போதும்."

அவர் சிரிக்கவில்லை. செஞ்சு பாரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றுதான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

லட்சத்துக்குப் பத்து என்று நானே என் வாயால் சொன்னேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

விதையைத் திருகையில் உடைத்து, தோலையும் மஞ்சளாக உதிர்ந்த முளைத்தூளையும் புடைத்துத் தள்ளி, மிச்சமிருந்த வெள்ளைப் பருப்பை உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்தேன். இரண்டு நாள் வேலை. கை கொப்பளித்தது. விதையாக வைத்திருந்ததை மருமகள் மாவாக்குவதை அத்தை பார்த்துக்கொண்டு போனார். "ஒனக்கு வேணும்னா எடுத்துக்க ராஜி, ஆடிப்பட்டத்துக்கு வேற வாங்கிக்கலாம்" என்றார்.

முதல் சோதனையை ஒழுங்காகச் செய்தேன். இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பின்னால் யாரும் நம்பவில்லை. இரண்டு கைப்பிடி மாவை முதல் நாளே ஒரு பானைத் தண்ணீரில் தூவித் தூவிக் கரைத்து, கட்டி இல்லாமல் ஊறவைத்தேன். மறுநாள் தொட்டி நிறைந்ததும் அதை ஊற்றி, மூங்கிலால் மெதுவாகக் கலக்கினேன். ராவுத்தர் கொல்லையில் இவர் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். வெறும் தண்ணீர் இருபது குடம் நிரப்பிய நேரத்தில், இப்போது இருபத்துநாலு குடம் நிரம்பியது. இவர் நம்பாமல் மறுபடி எண்ணினார். மறுபடியும் இருபத்துநாலு. சுவைத்துப் பார்த்தார், தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இவர் தோட்டத்துக்கு ஓடிவந்தார். வாத்தியார்கள் பொதுவாக ஓடமாட்டார்கள். மூச்சு வாங்க, "ராஜி, நெசமாவே ஓடுது" என்றார்.

சாயந்திரத்துக்குள் சேதி இரண்டு தெருவுக்கும் போய்விட்டது. போகப் போக வளர்ந்தும் விட்டது. இரண்டு மடங்கு என்றார்கள். பிறகு நாலு மடங்கு. குடத்தோடு வந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். மைமூன் அக்கா வந்து, ஜுலைகாவின் கல்யாணத்தையே நான் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். (ஒன்றுமில்லை என்று சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தேன்.)

நிக்காஹுக்கு முதல் நாள் காலை. சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கப் போகிறார்கள். பண்டாரி, அதாவது சமையல்காரர், வந்து அடுப்பு வெட்டிவிட்டார். பெரிய அண்டாக்கள் வரிசையாகக் காத்திருந்தன. மாமா என்னிடம் வந்து, அந்த மாவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவர் என்னிடம் தானாக வந்து கேட்ட முதல் கேள்வி அது. அவர் பின்னால் ராவுத்தர் வீட்டு உறவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், தண்ணீரை ஓடவைக்கும் மருமகளைப் பார்க்க வந்திருந்தார்கள்.

ஊறவைத்த பானை இல்லை. கல்யாணப் பரபரப்பில் முதல் நாள் கரைத்து வைக்க மறந்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு கைப்பிடி எடுத்து நிதானமாகக் கரைத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் இரண்டு கைப்பிடி போடுவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. இரண்டு கைப்பிடிக்கு நாலு குடம் கூடுதலாக வந்ததென்றால், இருக்கிறது அத்தனையும் போட்டால்? இந்தக் கணக்கை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போட்டிருந்தால்கூட இவர் காதைத் திருகியிருப்பார்.

நாலு படி மாவு. மொத்தத்தையும் உலர்ந்தபடியே முறத்தோடு தொட்டியில் கவிழ்த்தேன். பெண்கள் பார்த்தார்கள். மூங்கிலால் இரண்டு சுற்றுக் கலக்கினேன். மாவு கரையவில்லை, வெளியே நனைந்து உள்ளே உலர்ந்து, கொழுக்கட்டை கொழுக்கட்டையாக மிதந்தது. போகப் போகக் கரையும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாமா கிணற்றடியைவிட்டு விறகு வண்டியைப் பார்க்கப் போனார். நான் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, பெண்கள் பின்தொடர, ராவுத்தர் கொல்லைக்கு நடந்தேன். தண்ணீர் பாய்வதை மறுமுனையில் நின்று பார்க்க ஆசை. உண்மையைச் சொன்னால், தண்ணீரைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்க்க ஆசை.

முதலில் நன்றாகத்தான் கொட்டியது. பண்டாரி இரண்டு அண்டா பிடித்து அடுப்புப் பக்கம் நகர்த்திவிட்டார். மூன்றாவது அண்டாவில் தண்ணீர் தடித்தது. பிறகு மெலிந்தது. பிறகு குழாய் வாயிலிருந்து ஒரே ஒரு கயிறு மாதிரி, அறுந்துபோகாமல், நிதானமாக இறங்கியது. நான், வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பண்டாரி அண்டாவுக்குள் இரண்டு விரலை விட்டுத் தூக்கினார். விரலோடு அதுவும் வந்தது.

"தங்கச்சி, இது தண்ணியா, வடிச்ச கஞ்சியா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது.

தோட்டத்துக்கு ஓடினேன். கட்டிகள் போய், தொட்டியின் அடியில் குழாய் தொடங்குகிற இடத்திலிருந்த சல்லடையை அப்பி அடைத்துவிட்டிருந்தன. இன்ஜின் தன் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் வீணாகக் கூடாதென்று, வழிகிறது மறுபடி கிணற்றுக்குள்ளேயே விழுகிற மாதிரி மாமா ஒரு மதகு வைத்திருந்தார். அந்த மதகு வழியாக என் நாலு படி பௌதிகமும் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தை வாளியை இழுத்து மேலே வைத்துவிட்டு, தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து குடம் வழுக்கி விழுந்து நெளிந்து கிடந்தது.

"ராஜி, கிணத்துல என்னத்தப் போட்ட?"

"கொத்தவரை, அத்தை."

"எம்புட்டு?"

"எல்லாம்."

அத்தை போய் இன்ஜினை நிறுத்தினார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இன்ஜின் நின்றதும் எவ்வளவு அமைதி. இருபது வண்டி ஜனம் கீரனூரையோ அறந்தாங்கியையோ தாண்டி எந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறதோ என்று எனக்குத் திசைகூடத் தெரியாமல் ஓடியது புத்தி. மாமா வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். மிதக்கும் கட்டிகளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராவுத்தர் வீட்டுக்கு நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன். வாசலில் நின்று, உள்ளே பேசுவதைக் கேட்டேன்.

"தண்ணி கெட்டுப்போச்சு ராவுத்தரே. பசை சாஸ்தியாப் போட்டுட்டேன். ஏந் தப்புத்தான்."

அவர் மாவைத் தொடக்கூட இல்லை. நான் உள்ளே போய், மாமா இல்லை, நான்தான் என்று சொல்லவேண்டும். கால் நகரவில்லை. சோதனை பலித்த அன்று எல்லோரும் என்னைப் பாராட்டியபோது என் கால் நன்றாகவே நடந்தது. இப்போது, அந்தக் கால்களைப் பார்த்தபடி, ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு கொல்லைப்புறமாகப் போய் மைமூன் அக்காவிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். என்னால் உங்கள் பெண் கல்யாணத்தில் ஜனம் தண்ணீர் இல்லாமல் நிற்கப் போகிறது என்றேன்.

மைமூன் அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"அழுதா அண்டா நெறயுமா புள்ள? நெறயும்னா இங்கிட்டே ஒக்காந்து அழு. இல்லேன்னா கொடத்த எடு."

குடத்தை எடுத்தேன். ஊருக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி இன்னொரு கிணறு இருந்தது. மாமா மாட்டு வண்டியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனார். இவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாவது வண்டி ஓட்டினார். (மாடு இவர் பேச்சைக் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்கும் அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.) வண்டி போதவில்லை. இரண்டு தெருப் பெண்களும் வரிசையாக நடந்தார்கள். குடம் விழுந்து நெளிந்த அந்தப் பெண்ணும் வந்தாள். அவர்களுக்குக் குடிக்க இருந்த கிணற்றைத்தான் நான் கெடுத்திருந்தேன். அவர்களே கல்யாண வீட்டுக்குச் சுமந்தார்கள். நான் விடுதியில் குழாயைத் திருப்பித் தண்ணீர் பிடித்தவள். இடுப்பில் குடம் நிற்காது. பாதித் தண்ணீர் சேலையில் போயிற்று. நாலு நடை நடந்தேன். ஐந்தாவது நடையில் அத்தை என் குடத்தை வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் சாயந்திரம் வந்து இறங்கியபோது அண்டாக்கள் நிறைந்திருந்தன. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நிக்காஹ் மறுநாள் நல்லபடியாக நடந்தது.

கிணறு அப்படி விடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் அழுகி நாற ஆரம்பித்தது. பசை என்றாலும் அது உணவுதானே, கெட்டுத்தான் போகும். முழுக்க இறைத்து வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊற விட்டு, மறுபடி இறைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் பெண்கள் ஒரு மைல் நடந்தார்கள். நானும் நடந்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

கடைசி நாள், மாமா கிணற்றுக்குள் இறங்கிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் படியில் நின்று வாளியை வாங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"மொதநாள் ஓடுச்சே, இருவத்துநாலு கொடம். அது நெசமாம்மா?"

"நெசம் மாமா. சத்தியமா நெசம்."

அவர் ஒரு வாளிச் சேற்றை மேலே அனுப்பினார்.

"அப்பறம் அது போதாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

கேலியோ கோபமோ இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை. இரண்டு கைப்பிடி போதும் என்று பத்திரிகை சொன்னது, தண்ணீர் சொன்னது, இவருடைய கடிகாரம் சொன்னது. போதாது என்று சொன்னது நான் மட்டும்தான். பின்னாளில் நானும் டீச்சராகி முப்பது வருஷம் பௌதிகம் நடத்தினேன். எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

இனி சொல்லவேண்டியது தால்ச்சாவைப் பற்றி.

தண்ணீர் தடிப்பதற்கு முன்னால் பண்டாரி இரண்டு அண்டா நகர்த்தி வைத்தார் அல்லவா? அந்த அமளியில் அதை யாரும் கொட்டவில்லை. அன்று இரவு மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்ட நெய்ச்சோற்றுக்கு அந்தத் தண்ணீரில்தான் பருப்பும் கறியும் சேர்ந்த தால்ச்சா கொதித்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் திரண்டு, சோற்றில் ஊற்றினால் ஓடாமல், கரண்டிக்கு அடங்கி, பளபளவென்று நின்றதாம். மணமேல்குடிப் பெரியவர்கள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பண்டாரியைக் கூப்பிட்டு, இந்தத் திரட்சிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் கழித்து மெதுவாக எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, அந்த மாவில் மிச்சம் இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை இதை மைமூன் அக்காவிடம் சொல்ல, அக்கா புகுந்த வீட்டிலிருந்த ஜுலைகாவுக்குச் சொல்ல, அங்கே குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. போன வருஷம் ஜுலைகாவின் பேரன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எனக்கு நடை தளர்ந்துவிட்டது. ஒரு ஓரமாக உட்காரவைத்துத் தட்டு வைத்தார்கள். பரிமாறிய பையன் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவனுக்கும் தெரியாது. ஊற்றிய தால்ச்சா தட்டு முழுக்க ஓடியது. அவன் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"பாய், தால்ச்சா தண்ணியா இருக்கு. கொஞ்சம் பி.எஸ்ஸி. போடுங்க."